‘சும்மா ஜாலிக்குச் சொன்னேன்’ என்பவர்களுக்கு: சண்டாளன், கேப்மாரி, இன்னபிற



‘அடச் சண்டாளா, சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டியா!’ என்று நண்பனின் முதுகில் ஒரு தட்டு. ‘டேய் கேப்மாரி, என் சார்ஜர் எங்கடா?’ என்று விடுதி அறையில் ஒரு சிரிப்பு. தலை வாராமல் வகுப்புக்கு வந்தவனைப் பார்த்து ‘என்னடா நரிக்குறவன் மாதிரி வந்திருக்க’ என்று ஒரு கிண்டல். சொல்கிறவர் யாரையும் அடிக்கவில்லை, யாரையும் தெருவுக்குள் வராதே என்று தடுக்கவில்லை. சாதி பார்க்காதவர் என்றுகூட அவருக்குப் பெயர் இருக்கலாம். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: ‘சும்மா ஜாலிக்குச் சொன்னேன், இதுக்குப் போய் ஏன் சீரியஸ் ஆகுற?’

நாங்கள் சீரியஸ் ஆகத்தான் போகிறோம். ஒரு சமூகத்தின் பெயரை விளையாட்டுச் சொல்லாக உருட்ட வேண்டுமென்றால், அந்தச் சமூகத்து மனிதர் எவரும் தன் கண்முன் இல்லை என்கிற நிச்சயம் சொல்கிறவருக்கு இருக்க வேண்டும். அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் கேப்மாரி.

தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டு ஊரை ஏமாற்றிய திருடனுக்கு வைத்த பெயர் அது என்று ஒரு கதை உலவுகிறது. கதையை விட்டுவிட்டு, தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 68 சமூகங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் கேப்மாரி என்ற பெயரும் இருக்கிறது. அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அந்தப் பெயரில் சாதிச் சான்றிதழ் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டிய பிள்ளைகள் உண்டு.

சீர்மரபினர் என்றால் யார்? 1871-இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்தையும் பிடித்துக்கொண்டது. ஒருவர் திருடினாரா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று மட்டும் கேட்டது. பட்டியலில் உள்ள சாதியில் பிறந்தவரின் கைரேகையைப் பதிவு செய்தது. போலீசிடம் வந்து முகம் காட்டச் சொன்னது. ஊரை விட்டுப் போக அனுமதி வாங்கச் சொன்னது. பல சமூகங்களைக் குடும்பத்தோடு பெயர்த்துக் கண்காணிப்புக் குடியிருப்புகளில் அடைத்தது. தென் மாவட்டங்களில் இன்றும் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

சென்னை மாகாணத்தில் 1947-இல் இந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31 அன்று. ஆகஸ்ட் 31-ஐ அந்த மக்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். காகிதத்திலிருந்து சட்டம் போனது. போலீஸ் நிலையத்தின் பழக்கத்திலிருந்தும் நம் வாயிலிருந்தும் போகவில்லை. பிறப்பிலேயே இவன் திருடன் என்று அரசு எழுதிவைத்த தீர்ப்பைத்தான் ‘கேப்மாரி’ என்று நாம் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டுகிறோம். காணாமல் போனது ஒரு சார்ஜர், எடுத்தவன் நம் நண்பன், அப்போது வாயில் வருவது ஒரு சமூகத்தின் பெயர்! 2019-இல் இதே பெயரில் ஒரு தமிழ் சினிமா தியேட்டருக்கு வந்தது. ஊரெங்கும் போஸ்டர் ஒட்டினார்கள். அது ஒரு மக்களின் பெயர் என்பது பெரிய விவாதமாகக்கூட ஆகவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் எண்ணிக்கையில் பெரிய சமூகங்களும் இருக்கின்றன. அவற்றின் பெயரைச் சொல்லி யாராவது நண்பனைத் திருடன் என்று கேலி செய்வதுண்டா? செய்ய மாட்டார்கள். ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கட்சிகளில் ஆள் இருக்கிறது, பெருமை பேசும் சினிமாப் பாட்டு இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் இன்று எங்கள் தெருக்களின் மீது ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதே சட்டம், அதே பட்டியல், அதே ரேகை. ஆனால் பலமுள்ளவரின் பெயர் பட்டப்பெயராக உயர்ந்தது. எண்ணிக்கை இல்லாதவரின் பெயர் கேலிப்பெயராகக் கிடக்கிறது. ஆக, எந்தச் சொல் ஜாலி என்பதைத் தீர்மானிப்பது நகைச்சுவை உணர்வு என்று எங்களிடம் சொல்லாதீர்கள். திருப்பிக் கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கிறது.

இந்தக் கேலியின் இன்னொரு முனை எங்கே போய் முடிகிறது தெரியுமா? 1993-இல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவை ஒரு திருட்டு வழக்கில் சந்தேகம் என்று சொல்லிக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய துணைவியார் பார்வதி விடாமல் போராடினார். வழக்கறிஞராக இருந்த சந்துரு உடன் நின்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கைத்தான் ‘ஜெய் பீம்’ படமாகப் பார்த்து நாம் அழுதோம். அழுதுவிட்டு வந்து, கூட்டத்தில் சத்தம் போட்ட தோழியிடம் ‘ஏன்டி குறத்தி மாதிரி கத்துற’ என்றோம். போலீஸ்காரரின் சந்தேகமும் நம்முடைய கிண்டலும் ஒரே கிணற்றுத் தண்ணீர். நாம் சிரித்துக்கொண்டே ‘இந்தப் பெயர் என்றால் திருட்டு’ என்று பழக்கி வைக்கிறோம். லத்தி பிடித்தவர் அதையே நம்பி வேலை பார்க்கிறார்.

அடுத்து, சண்டாளன்.

இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். மனுஸ்மிருதியின் 10-ஆம் அத்தியாயத்தைத் திறந்தால் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன், மனிதரில் கடைசி. அவன் ஊருக்கு வெளியே வாழ வேண்டும். பிணத்தின் துணியை உடுத்த வேண்டும். உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும். இரும்பை நகையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பயணம் செய்த சீனத் துறவி ஃபாஹியான், சண்டாளர் நகருக்குள் வரும்போது மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு வந்ததையும், அந்த ஓசை கேட்டு மற்றவர்கள் விலகிப் போனதையும் எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, சண்டாளன் என்றால் கொடியவன் என்ற பொருள் எப்படி வந்தது? எந்தக் கொடுமையும் செய்யாத மனிதர்களுக்குச் செய்யப்பட்ட கொடுமையின் பெயர் அது. ஊருக்கு வெளியே தள்ளியவனுக்குப் பெயர் இல்லை. தள்ளப்பட்டவனின் பெயர் பாவிக்கு மறுபெயர் ஆனது. செய்தவனை விட்டுவிட்டுப் பட்டவன்மேல் பழியைச் சுமத்திய இந்த அகராதி வேலையைப் பார்ப்பனியம் கச்சிதமாகச் செய்து முடித்தது. பிறகு அதே சொல் கொஞ்சலாகவும் மாறியது. சினிமாப் பாட்டில் காதலன் காதலியைச் ‘சண்டாளி’ என்கிறான். தாய் பிள்ளையைச் ‘சண்டாளப் பயலே’ என்கிறாள்.

சண்டாளர் என்பதும் பழங்கதை அல்ல. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 2024 ஜூலையில், ஓர் அரசியல் மேடைப் பாட்டு சர்ச்சையானபோது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான மாநில ஆணையம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. இந்தச் சொல்லைப் பாட்டிலும் நகைச்சுவையிலும் அரசியல் பேச்சிலும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றது. அப்போதும் சமூக ஊடகங்களில் எழுந்த முதல் குரல் என்ன? ‘இது ஒரு சாதிப் பெயர்னே தெரியாதே!’ தெரியாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும், தோழர்களே. யாருடைய பெயரோ அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம்.

‘சொல்லின் பொருள் காலத்தோடு மாறும். தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது’ என்று மொழியியல் படித்த நண்பர்கள் சொல்வார்கள். சரியான வாதம். நாங்களும் தோற்றத்தை மட்டும் வைத்துப் பேசவில்லை. சென்னைத் தெருவின் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேமானி’ என்பது பாரசீகம் வழியாக உருது கொடுத்த சொல். ஈமான் இல்லாதவன், நம்பத் தகாதவன் என்று பொருள். ‘பேஜார்’ அதே வழியில் வந்தது. சலிப்பு என்று பொருள். ‘கலீஜ்’ என்றால் அழுக்கு. ‘கஸ்மாலம்’ சமஸ்கிருதச் சொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைக் கண்டிக்கிற இடத்தில் கிருஷ்ணன் வாயிலேயே அந்தச் சொல் வருகிறது. இந்தச் சொற்களின் தோற்றம் எதுவாக இருந்தாலும் எங்களுக்குச் சண்டை இல்லை. ஏனென்றால் பேமானி என்று யாருக்கும் தாசில்தார் சான்றிதழ் கொடுப்பதில்லை. கஸ்மாலம் என்ற பெயருள்ள குடும்பத்துக்கு யாரும் வாடகைக்கு வீடு மறுப்பதில்லை.

எங்களுடைய சோதனை எளிது. வாயில் வருகிற கேலிச்சொல் யாருடைய சாதிச் சான்றிதழிலாவது இருக்கிறதா? இருந்தால், அந்தச் சொல்லின் பொருள் இன்னும் மாறவில்லை. உங்களுக்கு மாறிவிட்டதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். கீதையில் இருக்கிற கஸ்மாலத்தை எங்கள் குப்பத்து அக்கா சொன்னால் அது ‘சேரி பாஷை’, காது கூசுகிறது. மனுஸ்மிருதியின் சண்டாளனை நடுத்தர வர்க்கத்து வீட்டில் சொன்னால் அது ‘செல்லமாகத் திட்டுவது’. உழைக்கிற மக்கள் தங்கள் கோபத்துக்கும் கும்மாளத்துக்கும் பல மொழிகளிலிருந்தும் எடுத்துச் செய்துகொண்ட பேச்சு அசிங்கமாம். ஒரு மக்களையே அசிங்கம் என்று அறிவித்த பேச்சு நாகரிகமாம். தெருப்பேச்சை நாங்கள் கைவிடப் போவதில்லை. கேலியும் கிண்டலும் பட்டப்பெயரும் எங்கள் தெருவில் இருப்பதுபோல எங்கே இருக்கிறது? நெட்டையனுக்கு ஒரு பெயர், தூங்குமூஞ்சிக்கு ஒரு பெயர், வாங்கின கடனைத் தராதவனுக்கு ஒரு பெயர். அவனவன் செய்கைக்கு அவனவன் வாங்கிக்கொண்ட பெயர்கள் அவை. பிறப்புக்கு வைத்த பெயரோடு அவற்றைச் சேர்த்துக் கட்டாதீர்கள்.

‘உங்க சேரியிலேயே ஆயா சண்டாளான்னுதானே திட்டுது?’ என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம், திட்டுகிறார். ஒடுக்குகிறவரின் மொழி ஒடுக்கப்பட்டவரின் வாய்க்குள்ளும் குடியேறிவிடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? சாதி தனக்குக் கீழே இன்னொரு படி காட்டித்தான் ஒவ்வொருவரையும் சமாதானப்படுத்துகிறது. நம் தெருவிலும் ‘குறவன் மாதிரி’ என்ற சொல் புழங்குகிறது. நாமும் ஒரு படி கீழே தேடியிருக்கிறோம் என்று அர்த்தம். ஆயாவிடம் போய் நாங்கள் வகுப்பெடுக்கப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர் யாருடையது என்று சொன்னால் போதும். அவமானம் என்றால் என்ன என்று அவருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் சண்டை மைக் வைத்திருப்பவர்களோடு. வசனம் எழுதுகிறவர், காமெடி நிகழ்ச்சி நடத்துகிறவர், மீம் பக்கம் நடத்துகிறவர், மேடையில் எதிர்க்கட்சிக்காரரைச் சண்டாளன் என்கிறவர்.

‘அப்படியானால் பறையர், தலித் என்ற பெயர்களை மட்டும் நீங்களே பெருமையாகச் சொல்கிறீர்களே?’ சொல்வோம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைக் கேட்டால் தலை குனிய வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அந்தப் பெயரைத் தலைப்பில் அச்சடித்து விற்றார். இன்னொரு பக்கம், இழிவு ஏற்றப்பட்ட பெயர் வேண்டாம், ஆதிதிராவிடர் என்று எழுதுங்கள் என்று எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் போராடி, 1922-இல் அரசாணை வாங்கினார். ஒருவர் பெயரைக் கையில் எடுத்தார், இன்னொருவர் பெயரை மாற்றினார். இரண்டும் உரிமைப் போராட்டமே. ஏனென்றால் இரண்டையும் தீர்மானித்தவர்கள் அந்தப் பெயருக்கு உரியவர்கள். தீண்டத்தகாதவர் என்ற பெயரே ஒரு மனிதர் வந்து நிற்பதற்கு முன்பே எதிரில் இருப்பவரின் மனத்தை மூடிவிடுகிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். பெயர் அவ்வளவு வேலை செய்யும். அதனால்தான், என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று முடிவு செய்வது என் உரிமை. உன் ஜாலிக்கு எடுத்துக்கொள்ள அது பொதுச்சொத்து அல்ல.

பழைய சொற்கள் மட்டும் என்றால்கூடப் போகட்டும். புதிய சொற்கள் இன்றும் தயாராகிக்கொண்டிருக்கின்றன, அதுவும் நம் கல்லூரிகளில். ‘கோட்டா’ என்று ஒருவனைக் கூப்பிடுகிறார்கள். ‘ஸ்காலர்ஷிப் வந்திருச்சா, ட்ரீட் எப்போ?’ என்று வகுப்பே கேட்க ஒருத்தியைச் சீண்டுகிறார்கள். ‘காலனிப் பையன்’ என்பது முகவரியா, வசையா என்று கேட்கிறவருக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சொல் வசையாகவே மாறிவிட்டதால்தான், 2025 ஏப்ரலில் அரசுப் பதிவுகளிலிருந்து ‘காலனி’ நீக்கப்படும் என்று முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. வரவேற்கிறோம். ஆனால் பலகையை மாற்றுவதோடு வேலை முடிந்தது என்று எண்ணினால், அடுத்த மாதமே புதுப்பெயருக்கும் பழைய சிரிப்பைப் பூசிவிடுவார்கள். 2019-இல் மும்பையில் டாக்டர் பாயல் தட்வி இறந்தபோது, மூத்த மருத்துவர்கள் அவருடைய சாதியைச் சொல்லித் தொடர்ந்து அவமதித்தார்கள் என்பதுதான் குடும்பத்தாரின் புகார். ஒரு சொல்லில் யாரும் செத்துப்போவதில்லை. தினமும் காலை முதல் இரவு வரை, தப்பிக்க இடமில்லாத விடுதியில், எல்லோரும் சிரிக்கச் சொல்லப்படுகிற சொல் வேறு.

சட்டம் என்ன செய்யும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளை ஒவ்வொரு மாணவரும் தெரிந்து வைத்திருங்கள். பொதுப் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அந்தச் சமூகத்தைச் சேராத ஒருவர் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் சாதிப் பெயரால் திட்டுவதும் குற்றம். சாதிப் பெயரை வசையாகச் சொல்வதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2011-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். நான்கு சுவருக்குள், பொதுமக்கள் இல்லாத இடத்தில் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடுதி அறைக் கேலிக்கு அது கதவைச் சாத்திக் கொடுக்கிறது. இரண்டாவது, பட்டியல் சாதியிலும் பழங்குடியிலும் வராத சீர்மரபினருக்கு இந்தச் சட்டமே கிடையாது. கேப்மாரி என்று ஒரு மாணவனை முகத்துக்கு நேரே சொன்னாலும் அவன் இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. பெயரைக் கெடுத்தது அரசின் சட்டம். காக்க மட்டும் சட்டம் இல்லை. சீர்மரபினர் அமைப்புகளோடு சேர்ந்து தலித் மாணவர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. அவர்களுடைய பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்தால், நாமும் அந்தச் சிரிக்கிற கூட்டத்தில் ஓர் ஆள்.

போராடினால் நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. குறவர் மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வந்த பிறகு, 2023-இல் குறவன் குறத்தி ஆட்டம் அரசின் கிராமியக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தங்கள் பெயரை ஆபாசத்துக்கு விலாசமாக்கியதைத் தாங்களே தடுத்தார்கள்.

‘ஆணவக் கொலை நடக்கிறது, மலக்குழியில் சாகிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறீர்களே’ என்று கடைசியாக ஒரு குரல் வரும். பெரும்பாலும் இதைச் சொல்கிறவர் அந்தப் போராட்டங்களிலும் வந்து நின்றிருக்க மாட்டார். நாங்கள் இரண்டு இடத்திலும் நிற்கிறோம். மலக்குழிக்குள் இறங்கச் சொல்லி ஒருவரை மட்டும் கூப்பிட முடிகிறதென்றால், அதற்கு முன்பே அவருக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது என்று பொருள்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அந்தச் சொல் விழுகிறபோது சிரிக்காதீர்கள். கூட்டத்தில் ஒருவர் சிரிக்காமல் இருந்தாலே ஜாலி தடுமாறும். ‘அது யாரோட பேரு தெரியுமா?’ என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், கேட்டால் போதும். தொடர்ந்து நடந்தால் நாள், இடம், சொன்னவர், கேட்டவர் என்று எழுதி வையுங்கள். கல்லூரியின் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே அப்படி ஒரு பிரிவே இல்லையென்றால், முதல் போராட்டம் அதற்காக இருக்கட்டும்.

நண்பனைத் திட்டத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? சோம்பேறி, புளுகன், ஓசிச்சோறு, வாய்ச்சொல் வீரன் என்று நாள் முழுக்கத் திட்டலாம். அவன் செய்ததைச் சொல்லித் திட்டுங்கள், அவனும் திருப்பித் திட்டட்டும், இருவரும் சேர்ந்து டீ குடியுங்கள். அந்த விளையாட்டில் நாங்களும் வருகிறோம். வகுப்பின் கடைசி பெஞ்சில், தன் சான்றிதழை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மடித்துப் பையின் அடியில் வைத்திருக்கிற ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் அந்த விளையாட்டுக்குள் இழுக்காதீர்கள்.

ஜெய்பீம்.